ஓடக்காட்டூர் அளவீடு

பிப்ரவரி 3, திங்கள்

மதியம் ஓடக்காட்டூர் வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் யுகேந்திரன் ஜீப்போடு நின்றிருந்தான். டவர் கம்பெனியின் இன்ஜினியர். இருபத்தாறு வயது, ஆத்தூர்க்காரன். நான் ஆய்வகத்து ஆள், அவன் கம்பெனி ஆள். ஆனாலும் சேர்ந்துதான் போக வேண்டும். நான் அளக்கும்போது டவர் முழு அளவில் ஓடுகிறது என்று அவன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் குறைத்து வைத்துவிட்டு அளந்தார்கள் என்று பேச்சு வரும்.

இங்கே ஒரு விசைத்தறிக் காலனி. மூன்று வருடத்தில் ஐந்து பேருக்குப் புற்றுநோய், அதில் நாலு பேர் இறந்துவிட்டார்கள். காலனி நடுவில் சென்னியப்பன் என்பவரின் மொட்டைமாடியில் செல்போன் டவர். அதன் கதிர்வீச்சுதான் காரணம் என்று ஊர் சொல்கிறது. இருபது வீடுகளில், மனிதர் உடம்பு மேல் எவ்வளவு விழுகிறது என்று அளந்து கலெக்டருக்கு அறிக்கை தர வேண்டும். ஐந்து நாள் வேலை.

காலனி முகப்பில் ஜீப் திரும்பியதும் முன்கண்ணாடி உடைந்தது. பாதி செங்கல், என் மடியில் வந்து விழுந்தது. யுகேந்திரனின் காது கிழிந்து சட்டைக் காலர் வரை ரத்தம். அவன் வண்டியை நிறுத்தவில்லை.

"இது மூணாவது கண்ணாடி சார்," என்றான்.

லாட்ஜ் அறையில் தண்ணீர் வருகிறது. பேட்டரிகளைச் சார்ஜ் போட்டேன். சோப்பு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சென்னியப்பன் வீடு. அறுபது வயது, இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. போன மாதம் தறியின் இரும்புக் கம்பியால் அடித்து ஒடித்திருக்கிறார்கள். அதற்கு மறுநாள் அவர் வளர்த்த நாயைக் கொன்று கேட்டில் மாட்டியிருக்கிறார்கள். மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"யாருன்னு போலீசுல சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? எல்லாம் மாமன் மச்சான். நாளைக்கு இதே தெருவுலதான நான் பொழைக்கோணும்."

மாடியில் அளந்தேன். அரசு வைத்த வரம்பு நூறு என்றால் இங்கே ஆறு. எதிர்வீட்டு மாடியில் நாலு. கீழே தெருவில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மூன்று உயரத்தில், ஒவ்வொன்றும் ஆறு நிமிஷம். ஸ்டாண்டை நகர்த்தும்போதெல்லாம் எங்கிருந்தோ கல் வந்தது. யுகேந்திரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றான். நான் கேட்கவில்லை. அவனாகவே நின்றான்.

பிப்ரவரி 5, புதன்

இன்று ஏழு வீடுகள். ஒரு வீட்டில் கொதிக்கும் கஞ்சியை எங்கள் கால்மாட்டில் ஊற்றினார்கள். பூட்ஸ் போட்டிருந்ததால் தப்பித்தேன். மற்ற வீடுகளில் திட்டோடு சரி.

கடைசி வீடு வெள்ளியங்கிரி என்பவருடையது. டவருக்கு எதிராக முதல் மனு கொடுத்தவர். ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும், தறி ஓட்டுகிறவர், தோள் இரண்டும் பாறை மாதிரி. அவருடைய பதினோரு வயது மகள் கவிநிலா போன ஆடியில் ரத்தப் புற்றுநோயில் இறந்தவள். யுகேந்திரனை உள்ளே விடவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டு ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் நேராக டவர்.

"தல ஒயரம் நெஞ்சு ஒயரம் எல்லாம் வேண்டாமுங்க. அவ படுத்த ஒயரத்துல அளங்க."

ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்தேன். ஆறு நிமிஷம் அவர் கண் சிமிட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பொன்னாத்தாள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எவ்வளவுங்க?"

"ஒன்றுக்கும் கீழே. முக்கால்னு வெச்சுக்கலாம். வரம்பு நூறு."

"பொய் சொல்லலீங்கள்ல?"

"நீங்களே பாத்தீங்க. போனைக் காதுல வெச்சுப் பேசும்போது இதைவிடப் பல மடங்கு அதிகமா விழும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.  பிறகு, "சென்னியப்பன் கைய ஒடைச்சது நானுங்க. நாயவுந்தான்," என்றார்.  கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இனி யார அடிக்கிறதுங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஐந்து பேரில் மிச்சமிருந்த தேவிகா என்ற பெண் இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். முப்பத்தொரு வயது. நாளை உடல் வருகிறது. காலனி முழுக்க ஆட்கள் கூடி நிற்கிறார்கள். நாங்கள் எண்ணைக் குறைத்துச் சொல்கிறோம் என்று பேச்சு.

சென்னியப்பன் போனில் சொன்னார்: நேற்று மாலை வெள்ளியங்கிரி வந்து கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றாராம். கூப்பிடவுமில்லை, பேசவுமில்லை. திரும்பிப் போய்விட்டாராம்.

கம்பெனி ஜாக்கெட்டை நாளைக்குப் போடாதே என்று யுகேந்திரனிடம் சொன்னேன். ஆரஞ்சு நிறம், அரை மைல் தள்ளித் தெரிகிறது. கடைவீதிக்குப் போய் ஒரு நீலச் சட்டை வாங்கினான். "நல்லா இருக்கா அண்ணா?" என்று கேட்டான். நேற்றிலிருந்து அண்ணா என்கிறான். நாளை வேலையைத் தள்ளிப்போடலாமா என்று ஆய்வகத்தில் கேட்டேன். காவலுக்கு இரண்டு போலீஸ் வருவார்கள், முடித்துவிட்டு வா என்றார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத முடியவில்லை. 

பிப்ரவரி 8, சனி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். போலீஸ் கேட்கும்.

நேற்று காலை பத்தரை மணிக்கு, காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தேன். காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் டீ குடிக்க முக்குக்குப் போயிருந்தார்கள். தேவிகாவின் உடல் வந்த வண்டிக்குப் பின்னால் இருநூறு பேர் இருப்பார்கள். வண்டி சென்னியப்பன் வீட்டு முன் நின்றது. அங்கிருந்துதான் தொடங்கியது. முதலில் கேட்டைப் பிடுங்கினார்கள். டவரின் ஜெனரேட்டர் மேல் டீசலை ஊற்றிக் கொளுத்தினார்கள். சென்னியப்பன் பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினார். அவரைக் காணாத கோபத்தில் வீட்டுக்குள் புகுந்து கிடைத்ததையெல்லாம் அடித்தார்கள். பீரோவை மாடியிலிருந்து தள்ளிய சத்தம் தெருவே அதிரக் கேட்டது.

பிறகு கூட்டம் தொட்டிப் பக்கம் வந்தது. என் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினார்கள். கருவியை ஒருவன் தரையில் போட்டு மிதித்தான். என் சட்டையைப் பிடித்தார்கள். கம்பெனிக்காரன் யார் என்று கேட்டார்கள். யாரோ யுகேந்திரனைக் காட்டிவிட்டார்கள். ஜாக்கெட் இல்லாமல் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

தறிக் கம்பி, செங்கல், செருப்பு. கீழே விழுந்த பிறகும் விடவில்லை. அவன் முகத்தை மறைத்துக்கொண்டான். கைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தில் அடித்தார்கள். நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. வெள்ளியங்கிரியும் அங்கே இருந்தார்.

போலீஸ் திரும்பி வந்து வானத்தில் சுட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது.

எனக்குக் கழுத்தில் நகக்கீறல். வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஈரோட்டில் ஆஸ்பத்திரி. யுகேந்திரனுக்கு இடது கண் போய்விட்டது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. மயக்கத்தில்தான் இருக்கிறான். அவன் அப்பா ஆத்தூரில் பஸ் கண்டக்டராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களே, அதுவே போதும் சார்," என்று அழுதார். கையை உருவிக்கொண்டு இட்லி வாங்கிவருகிறேன் என்று வெளியே வந்தேன். வாங்கிக் கொடுத்தேன்.

என் மனைவி வசந்தா போனில், உங்களுக்கு ஒன்றுமில்லையே, ஒன்றுமில்லையே என்று நாலு தடவை கேட்டாள்.

சட்டைகளைத் துவைத்தேன். ஒன்றில் கறை போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஒரு பட்டியலை நீட்டினார். முப்பத்திரண்டு பெயர், ரேஷன் கார்டு போட்டோக்களோடு. சம்பவ இடத்தில் பார்த்தவர்களுக்கு நேராக டிக் போடச் சொன்னார். கம்பி வைத்திருந்தவன், கருவியை மிதித்தவன், டீசல் கேன் எடுத்துவந்த இருவர், இவர்களை நிச்சயமாகத் தெரியும். போட்டேன்.

"இந்த வெள்ளியங்கிரி?" என்றார் இன்ஸ்பெக்டர். "மனு போட்டதே இவன்தான். இவன்தான் தலைவன்னு எங்களுக்குத் தகவல். இருந்தானா?"

"இருந்தார்."

"அந்தப் பையன்கிட்ட நின்னானா?"

"பக்கத்துலதான்."

"அப்ப போடுங்க."

போட்டேன். அவர் அங்கே இருந்தது உண்மை. சென்னியப்பன் கையை ஒடித்தவர், ஒரு நாயை அடித்துக் கொன்று மாட்டியவர். நல்லவர் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடியற்காலையில் போலீஸ் காலனிக்குள் போயிருக்கிறது. பதினேழு பேரைப் பிடித்தார்களாம். டீக்கடைக்காரர் சொன்னார்: கதவைத் திறக்காத வீடுகளில் கதவையே உடைத்தார்கள், குறுக்கே வந்த கர்ப்பிணி ஒருத்தியைத் தள்ளிவிட்டார்கள், தறிகளில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலை அறுத்துப் போட்டார்கள்.

டீ நன்றாக இருந்தது. இரண்டாவதும் குடித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அறிக்கை எழுதினேன். இருபதில் பதினான்கு வீடுகள்தான் முடிந்தன. பதினான்கும் வரம்புக்கு வெகு கீழே. வேறு என்ன எழுத இருக்கிறது. நாளை கிளம்பலாம் என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பொன்னாத்தாள். காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"சார், அவரோட உள்ளங்காலு ரெண்டும் வீங்கித் தோலு உரிஞ்சு கெடக்குதுங்க. குப்புறப் போட்டு அடிச்சிருக்கறாங்க. எந்திரிச்சு நிக்க முடியலீங்க. இப்ப சப்-ஜெயில்ல இருக்கறாரு."

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

"அந்தப் பையன் மேல குப்புற விழுந்து அடி வாங்குனவருங்க அவரு. முதுகப் பாத்தனுங்க, கம்பி கம்பியாத் தடிச்சிருக்குது. அது போலீசு அடிச்சதில்ல. நீங்க பாத்தீங்கள்ல? பாத்ததச் சொன்னாப் போதுமுங்க."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். கதவைச் சாத்தினேன். அவர் காலடிச் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் படியில் இறங்கியது.

பஸ்ஸுக்குப் போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

யுகேந்திரன் கண் திறந்துவிட்டான் என்று அவன் அப்பா போன் செய்தார். போனேன். தலை முழுக்கக் கட்டு. ஒரு கண்ணும் மூக்கும்தான் தெரிகின்றன. என்னைப் பார்த்ததும் அப்பாவை வெளியே போகச் சொல்லிக் கையாட்டினான். மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதினான்.

அந்தப் பெரியவர் எங்க?

யார் என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

என் மேல படுத்தவர்.

ஜெயிலில் என்றேன். அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. பேனாவை வைத்துவிட்டான். பிறகு மறுபடி எடுத்து, மெதுவாக எழுதினான்.

உங்க குரல் கேட்டுச்சு அண்ணா. அப்பாகிட்ட சொல்லல.

நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மருந்து வாங்க அவர்களுக்கு அது வேண்டுமே என்று பாதி வழியில்தான் தோன்றியது. திரும்பிப் போய் நர்ஸிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எட்டாம் தேதி எழுதியது சரியில்லை. மறுபடி எழுதுகிறேன்.

என் சட்டையைப் பிடித்தவன் பெயர் தெரியாது. இருபது வயதிருக்கும். தேவிகாவின் தம்பி என்று பிறகு சொன்னார்கள். ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்து, இன்னொரு கையில் கம்பியை ஓங்கினான். "நீதானடா கம்பெனிக்காரன்?" என்று கேட்டான். அப்போது வெள்ளியங்கிரி நடுவில் வந்தார். "உடுடா. இவரு அளக்கறவருடா. அளந்தத நான் பாத்தேன். டவருல ஒன்னுமில்லீடா," என்றார். அவன் காதில் விழுந்ததோ என்னவோ, கழுத்தைப் பிடித்திருந்த விரல்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கம்பி தாழ்ந்தது. நான் மூச்சு விட்டேன்.

யுகேந்திரன் பன்னிரண்டு அடி தள்ளி, தொட்டிக்குப் பக்கத்தில் குடங்களோடு நின்ற பெண்களுக்கு நடுவே நின்றிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை. ஊர்க்காரன் மாதிரியே இருந்தான். அவன் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். இன்னும் நாலு அடி நகர்ந்தால் சந்து.

என் கழுத்தில் அப்போது யாருடைய கையும் இல்லை. எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"நான் இல்லைங்க. அதோ, நீலச் சட்டை. அவன்தான் கம்பெனி."

விரலையும் நீட்டினேன்.

வெள்ளியங்கிரி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் யுகேந்திரனின் கண்ணில் குத்திவிட்டார்கள். அவன் மேல் படுத்துக்கொண்டார். அதன் பிறகு விழுந்த அடிகளெல்லாம் அவர் முதுகில்தான். அவர் படுக்காமலிருந்தால் அவன் செத்திருப்பான்.

நான் காட்டிக்கொடுத்ததை வெளியே சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். பட்டியலில் டிக் போடும்போது எனக்கு அது நினைவிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். அவர் முகம் மாறவேயில்லை.

"உங்க வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போயாச்சு. இப்ப மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரும். வேலை போகும். பிள்ளைங்க இருக்குதுல்ல? பேசாம ஊருக்குப் போங்க."

"அவர் அடிக்கலைங்க. காப்பாத்தினார்."

"போன மாசம் அந்த ஓனர் கைய ஒடைச்சது?"

"அது வேற கேஸ் சார். அதுக்கு அவரைப் பிடிங்க. இதுக்கு வேண்டாம்."

வெளியே போகச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வந்து காலரைப் பிடித்துத் தூக்கி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். படியில் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது.

கோர்ட் வாசலில் கோமகள் என்ற வக்கீலைப் பார்த்தேன். காலனி ஆட்களுக்கு ஆஜராகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட என்னிடம் நீட்டாமல், "மாஜிஸ்டிரேட் முன்னாடி சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 19, புதன்

சொன்னேன். இரண்டையும் சொன்னேன். காட்டிக்கொடுத்தது நான் என்பதையும், டிக் போட்டதையும். மாஜிஸ்டிரேட் ஒரு பெண். "யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். யுகேந்திரனும் எழுத்தில் கொடுத்திருக்கிறான். பெரியவர் காப்பாற்றினார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறானாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. சுவரில் தன் தலையை முட்டினார், இரண்டு முறை. மூன்றாவது முறை நான் பிடிக்கப் போனபோது என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக ஆய்வகத்திலிருந்து கடிதம். பொய்ச் சாட்சி சொன்னதற்கு நோட்டீஸ். பற்பசை தீர்ந்துவிட்டது.

வசந்தாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

வெள்ளியங்கிரியை இன்று விட்டார்கள். பத்து மணிக்கே சப்-ஜெயில் வாசலுக்குப் போய்விட்டேன். பொன்னாத்தாள் ஒரு பழைய ஆட்டோவில் வந்தார். உள்ளே நிறுத்த விடவில்லை, ஐம்பது அடி தள்ளி ரோட்டில் நின்றது. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டு நேராக வந்தார். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது காதில். மூன்றாவது வாயில் விழுந்து உதடு கிழிந்தது. பாரா நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையைத் தூக்கவில்லை.

"போதும், உடு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வெள்ளியங்கிரி ஜெயில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இரண்டு பாதத்திலும் வேட்டித்துணியைச் சுற்றியிருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அந்த விரல்களோடு இனி தறி ஓட்ட முடியாது.

என்னை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பையனுக்குக் கண்ணு?"

"ஒன்னு போச்சுங்க. இன்னொன்னு நல்லா இருக்கு."

"பேசறானா?"

"அடுத்த வாரம் கம்பியை எடுக்கறாங்க."

தலையை ஆட்டினார். பிறகு மனைவியிடம், "முதல்ல ஆட்டோவச் சென்னியப்பன் ஊட்டுக்கு உடச் சொல்லு," என்றார். 

ஒரு அடி எடுத்து வைத்தார். முகம் சுருங்கியது. பொன்னாத்தாள் ஒரு பக்கம் தாங்கினார், அவரால் தனியாக முடியவில்லை. நான் போய் மறுபக்கம் தோளைக் கொடுத்துக் குனிந்தேன். அவர் நின்றார். என் தோளைப் பார்த்தார். பிறகு ஜெயில் சுவரில் கையை ஊன்றினார். சுவரைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, ஆட்டோவரை நடந்தார். நான் குனிந்தபடியே நின்றிருந்தேன்.